எம். எஸ். சுப்புலட்சுமி

மதுரை ஷண்முகவடிவு சுப்புலட்சுமி (16 செப்டம்பர் 1916 – 11 டிசம்பர் 2004) கர்நாடக இசைப் பாடகி. 88 ஆண்டு வாழ்ந்தவர். அதில் எழுபது ஆண்டுகள் மேடையில் பாடியவர். இசைக்காக அவர் பெற்ற விருதுகள் பல. 1974-இல் வந்த ரமோன் மகசேசே விருது மட்டும் பொதுச்சேவைக்கு உரிய பிரிவில் வழங்கப்பட்டது. இந்திய இசைக்கலைஞர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அந்தப் பிரிவின் பெயரே நல்ல தொடக்கம்.

பெயருக்கு முன்னால் நிற்கும் இரண்டு எழுத்துகளில் ஒன்று ஊர், மற்றது தாய். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலுக்கு அருகே அனுமந்தராயன் கோயில் தெருவில் இருந்தது அவர்களின் சிறிய வீடு. தாய் ஷண்முகவடிவு வீணை வாசிப்பவர். பாட்டி அக்கம்மாள் வயலின் கலைஞர். அண்ணன் சக்திவேல் மிருதங்கம் பழகினார். தங்கை வடிவாம்பாள் வீணை பயின்றார். தேவதாசி மரபில் வந்த அக்குடும்பத்தில் இசை சோறு போடும் தொழிலாகவும் இருந்தது, வீட்டுப் பேச்சாகவும் இருந்தது. வீட்டில் ‘குஞ்சம்மா’ என்று அழைக்கப்பட்ட அந்தப் பெண்ணின் குரல் பத்து வயதிலேயே இசைத்தட்டில் பதிவானது. 13 வயதில், 1929-இல், சென்னை மியூசிக் அகாடமியில் பாடினார். பின்னாளில் செம்மங்குடி சீனிவாச ஐயரிடம் பாடம் கேட்டார். இந்துஸ்தானி இசையையும் முறையாகப் பயின்றார்.

1936-இல் சென்னைக்கு வந்த அவர், விடுதலைப் போராட்ட வீரரும் ஆனந்த விகடன் அலுவலகத்தில் பணியாற்றியவருமான தி. சதாசிவத்தைச் சந்தித்தார். 1940 ஜூலை 10 அன்று திருநீர்மலையில் திருமணம் நடந்தது. மனைவியை இழந்திருந்த சதாசிவத்துக்கு ராதா, விஜயா என்று இரண்டு பெண்கள். சுப்புலட்சுமி தம் வயிற்றில் பிள்ளை பெறவில்லை. அவ்விரு பெண்களுக்கும் அம்மாவானார். மூத்தவர் ராதாவுக்குப் பாட்டும் கற்பித்துத் தம்முடன் மேடையில் உட்கார வைத்தார். பல பத்தாண்டுகள் எம். எஸ். கச்சேரி என்று கேட்டவர்கள் உண்மையில் கேட்டது இரண்டு குரல்களை. ராதா விஸ்வநாதன் பாடிய பின்பாட்டுக்கு இன்னும் உரிய பாராட்டு கிடைக்கவில்லை.

திரைப்படத்தில் அவர் நடித்தது சில ஆண்டுகளே. ‘சேவாசதனம்’ (1938), ‘சகுந்தலை’ (1940), ‘சாவித்திரி’ (1941), ‘மீரா’ (1945) என நான்கு தமிழ்ப் படங்கள். இவற்றில் ‘சாவித்திரி’ தனித்துச் சொல்லத்தக்கது. அதில் அவர் ஏற்றது நாரதர் வேடம். கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியும் சதாசிவமும் ‘கல்கி’ இதழைத் தொடங்க முதலீடு தேவைப்பட்டது. அந்தப் படத்தின் ஊதியம் அதற்குப் போயிற்று. தமிழ் வாசகர்கள் பொன்னியின் செல்வனை வாரந்தோறும் காத்திருந்து படித்த பத்திரிகையின் அடித்தளத்தில் அவருடைய உழைப்பும் இருக்கிறது. ‘மீரா’ 1947-இல் இந்தியில் வெளிவந்தபோது நாடு முழுவதும் அவரை அறிந்தது. அந்தப் புகழின் உச்சியில் திரையை விட்டு முழுமையாக விலகினார்.

பொதுக்காரியங்களுக்காகப் பாடும் வழக்கம் 1944-இல் வேர்கொண்டது. அவ்வாண்டு பிப்ரவரியில் கஸ்தூரிபா காந்தி மறைந்தார். கிராமத்துப் பெண்கள், குழந்தைகள் நலனுக்காக அவர் பெயரில் தொடங்கிய நிதிக்காக எம். எஸ். கச்சேரிகள் செய்தார். பிறகு அது நிற்கவில்லை. உதவிக் கச்சேரி என்பதன் நடைமுறை எளியது: நிதி வேண்டிய அமைப்பு நுழைவுச்சீட்டு விற்கும், பாடகர் சன்மானம் வாங்குவதில்லை, வசூல் அறக்காரியத்துக்குப் போகும். எளிய நடைமுறைதான். ஆனால் பாட்டையே தொழிலாகக் கொண்டவர் ஒவ்வொரு முறையும் தம் ஒரு நாள் கூலியை முழுதாக விட்டுக்கொடுக்கிறார் என்பதை மறக்கக் கூடாது. இப்படி 200-க்கும் மேற்பட்ட கச்சேரிகளைச் செய்து ஒரு கோடி ரூபாய்க்கு மேல் திரட்டித் தந்திருக்கிறார். 1977-இல் அமெரிக்காவில் பாடியது அங்கே எழும்பிக்கொண்டிருந்த இந்துக் கோயில்களுக்கு நிதி சேர்க்க.

இசைத்தட்டுகளிலும் இதே வழிதான். 1963-இல் வெளிவந்த வேங்கடேச சுப்ரபாதத் தட்டின் ராயல்டியைத் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கு எழுதிவைத்தார். தென்னிந்தியாவில் விடியற்காலை ஒலிக்கும் குரல் எது என்று கேட்டால் விடை சொல்லத் தேவையில்லை. அவ்வளவு விற்ற தட்டின் வருமானம் பாடியவர் வீட்டுக்கு வரவில்லை.

காந்தியடிகளுடன் அவருக்கு இருந்த உறவும் பாட்டின் வழியே வந்தது. 1947-இல் காந்தியின் பிறந்தநாளுக்காக ‘ஹரி தும் ஹரோ’ என்னும் மீரா பஜனையைப் பாடி அனுப்பக் கேட்டார்கள். அந்தப் பாட்டு அவருக்குப் பழக்கமில்லை. வேறு யாரையாவது பாடச் சொல்லலாமே என்று சதாசிவம் தெரிவிக்க, சுப்புலட்சுமி அதை வாசித்தாலே போதும், மற்றவர் பாட வேண்டாம் என்று பதில் வந்தது. இரவோடு இரவாகக் கற்று, பதிவு செய்து டில்லிக்கு அனுப்பினார்கள். சில மாதங்களில், 1948 ஜனவரி 30-இல் காந்தி கொல்லப்பட்ட செய்திக்குப் பின் வானொலி அதே பதிவை ஒலிபரப்பியது. கேட்டுக்கொண்டிருந்த எம். எஸ். மயங்கி விழுந்தார்.

1963-இல் எடின்பரோ விழா, 1966 அக்டோபர் 23-இல் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மண்டபம் என வெளிநாட்டு மேடைகளிலும் பாடினார். ஐ.நா.வில் காஞ்சிப் பெரியவர் இயற்றிய ‘மைத்ரீம் பஜத’, ராஜாஜி எழுதிய ஆங்கிலப் பிரார்த்தனை ஆகியவை இடம்பெற்றன. 1968-இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி ஆனார். பெண்களில் அவரே முதல்வர். பத்மபூஷண் 1954-இலும், பத்மவிபூஷண் 1975-இலும் வந்தன. 1998-இல் பாரத ரத்னா பெற்ற முதல் இசைக்கலைஞரும் அவரே.

கொடுத்தவர்கள் என்பதால் வசதிக்குக் குறைவின்றி வாழ்ந்தார்கள் என்று நினைப்பது தவறு. 1970களில் பத்திரிகை நிறுவனம் நெருக்கடிக்கு ஆளாகி, விருந்தினருக்கு எப்போதும் இலை போட்ட ‘கல்கி தோட்டம்’ என்ற பெரிய வீட்டை விட்டுச் சிறிய வாடகை வீட்டுக்குப் போக நேர்ந்தது. கை கொடுத்தது திருப்பதி தேவஸ்தானம். அதற்காக ‘பாலாஜி பஞ்சரத்ன மாலா’ என்ற ஐந்து இசைத்தட்டுகளை அவர் பாடினார். அறுபது வயதைக் கடந்தவர், அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகளை நெதுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்றவர்களிடம் மாணவியைப் போல உட்கார்ந்து கற்றார். ஒவ்வொரு சொல்லின் பொருளையும் உச்சரிப்பையும் கேட்டுத் தெளியாமல் பாடுவதில்லை என்பது அவருடைய பழக்கம். எம். எஸ்.ஸின் சாதனைகளில் இந்தப் பணிவான உழைப்பையே முதலில் வைக்க வேண்டும்.

1997 நவம்பரில் சதாசிவம் காலமானார். அதன்பின் எம். எஸ். பொதுமேடையில் பாடவில்லை. கோட்டூர்புரம் வீட்டில் ஏழு ஆண்டுகள் அமைதியாக வாழ்ந்து, 2004 டிசம்பர் 11 அன்று சென்னையில் மறைந்தார். அவருடைய நூற்றாண்டை ஒட்டி 2016-இல் ஐக்கிய நாடுகள் சபை அஞ்சல்தலை வெளியிட்டது.

மதுரைக்குப் போகிறவர்கள் அனுமந்தராயன் கோயில் தெருவில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஷண்முகவடிவின் வீட்டு முகப்பில் வீணைச் சின்னம் ஒன்று இருக்கிறது.