தெவிட்டிய கரைசல்

தெவிட்டிய கரைசல் என்பது, குறிப்பிட்ட வெப்பநிலையில் கரைப்பான் ஏற்கக்கூடிய பெரும அளவு கரைபொருளைக் கொண்டு, கரையாத கரைபொருளுடன் சமநிலையில் இருக்கவல்ல கரைசலாகும். இது இயங்கு சமநிலை: திண்மம் கரைவதும் கரைந்தது படிகமாவதும் ஒரே வேகத்தில் நிகழ்வதால் செறிவு மாறுவதில்லை. 100 கிராம் கரைப்பானில் கரையும் பெரும அளவு கரைதிறன் எனப்படும். நீரில் சமையல் உப்பின் கரைதிறன் 25 °செ-இல் ஏறத்தாழ 36 கிராம். 100 °செ-இலும் அது 39 கிராம் அளவிலேயே நிற்கிறது. பொட்டாசியம் நைட்ரேட்டோ 20 °செ-இல் ஏறத்தாழ 32 கிராமும், 100 °செ-இல் 240 கிராமுக்கு மேலும் கரையும். எனவே சூடான கரைசலைக் குளிர்வித்துப் படிகமாக்கும் முறை பின்னதற்கே பொருந்தும். உப்பை நீரை ஆவியாக்கியே பிரிக்க இயலும்.

வெப்பநிலை உயரக் கரைதிறன் கூடும் என்னும் பொதுவிதி முழுமையானதன்று. கால்சியம் ஹைட்ராக்சைடும் சீரியம் சல்பேட்டும் வெந்நீரில் குறைவாகவே கரைகின்றன. வாயுக்களும் பெரும்பாலும் அவ்வாறே. வாயுவின் கரைதிறன் அதன் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் அமைவதை வில்லியம் ஹென்றி 1803-இல் வெளியிட்டார். தெவிட்டு நிலைக்கு மேற்பட்ட கரைபொருளைத் தாங்கும் கரைசல் அதிதெவிட்டிய கரைசல். சிறு படிகம் ஒன்றை இட்டால் மிகுதி பிரிந்துவிடும்.

தூத்துக்குடி உப்பளங்களில் கடல்நீர் ஆவியாகும்போது ஜிப்சம் முன்னதாகவும் உப்பு அதன்பின்னும் தெவிட்டிப் படிகின்றன. மெக்னீசிய உப்புகள் எஞ்சிய கசப்பு நீரில் தங்குகின்றன.