உடன்வரும் நிழல்

சித்திரை மாதத்து நண்பகல் ஒன்றில், சால்ட் லேக்கின் கருணாமயி பேருந்து நிலையத்தில் இறங்கி இல்லம் நோக்கி நடந்துகொண்டிருந்தோம். உடன் வந்த நம் மகள், "கையால் பிடிக்காமலே, நாம் போகுமிடமெல்லாம் தானாகவே தலைக்கு மேல் வரும் குடை ஒன்றை ஒருவரும் செய்யவில்லையா, அப்பா?" என்று வினவினாள். ஒரு கையில் பையும் மறு கையில் குடையுமாக வியர்த்திருந்த நமக்கு, அது விளையாட்டு வினாவாகத் தோன்றவில்லை. உப்புச் சதுப்பாகக் கிடந்த நிலத்தை ஹூக்ளி ஆற்று மணலால் நிரப்பும் பணி 1962-ஆம் ஆண்டில் தொடங்கி உருவான நகரம் இது. இதன் அகன்ற வீதிகளில் மர நிழலுக்கும் மர நிழலுக்கும் இடையே வெயிலைக் கடந்தே தீரவேண்டும்.

சிந்தித்துப் பார்க்கின், அவள் கேட்ட குடை பழங்காலத்திலேயே இருந்தது. அக்குடைக்கு இரு கால்கள் இருந்தன; அவை மன்னனுக்குப் பின்னே நடந்த ஏவலாளனின் கால்கள். தலைவன் நடந்தால் நிழலும் நடந்தது. அவன் நின்றால் நிழலும் நின்றது. பிடித்தவன் மட்டும் வெயிலில் நின்றான்.

கல்கத்தாவின் இந்தியன் மியூசியத்திற்கு நம் பிள்ளைகளை அழைத்துச் சென்றோர், அங்கே நிறுவப்பட்டுள்ள பர்ஹுத் தூபியின் கல்வேலியைக் கண்டிருப்பர். கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்சிற்பங்களில் புத்தர் மனித உருவில் இல்லை. போதி மரம், வெற்று ஆசனம், மேலே ஒரு குடை ஆகியவையே அவரைக் குறிக்கின்றன. ஆளைக் காட்டாமலே அவர்தம் பெருமையைக் காட்டக் குடை ஒன்று போதுமானதாயிற்று! மராட்டிய வீரர் சிவாஜி 1674-இல் முடிசூடியபோது ஏற்ற 'சத்ரபதி' என்னும் பட்டமும் குடைக்கு உரியவன் என்றே பொருள்படும்.

நம் தமிழ் மன்னரின் வெண்கொற்றக்குடையோ வேறொரு பொருளையும் தாங்கி நின்றது. புறநானூற்றின் 35-ஆம் பாடலைக் காண்க. சோழன் கிள்ளிவளவனிடம் வெள்ளைக்குடி நாகனார் சென்றது பரிசில் வேண்டி அன்று. நிலவரி நிலுவையை நீக்குமாறு வேண்டியே சென்றார். நின் குடை நின்மேல் விழும் வெயிலைத் தடுப்பதற்காக ஏற்பட்டதன்று, வருந்தும் குடிமக்களுக்கு நிழலாவதற்கே ஏற்பட்டது என்னும் கருத்தை அவர் அரசன் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார். போரில் பெறும் வெற்றியும் உழவரின் கலப்பையால் விளைவதே என்றும் நினைவூட்டினார். அவர் வேண்டிய வண்ணமே பழைய கடன் நீக்கப்பெற்றது எனப் பாடலின் அடிக்குறிப்பு கூறுகிறது. நாள்தோறும் கோப்புகளோடு வாழும் எழுத்தர்களாகிய நாம், இதனினும் சிறந்த விண்ணப்பம் ஒன்றைக் கண்டதில்லை.

ஆயினும், குடையின் வரலாறு முழுவதும் இத்துணை மேன்மையுடையதன்று. அரசனுக்குப் பெருமையாக இருந்த குடை, எளியவனுக்குக் குற்றமாக்கப்பட்டது. பழைய திருவிதாங்கூரில் நாடார் உள்ளிட்ட பல சமூகத்தினர் குடை பிடித்தலும் காலணி அணிதலும் ஆகாது என்னும் கட்டுப்பாடு இருந்தது. இராமநாதபுரம் பகுதியில் 1930-ஆம் ஆண்டு டிசம்பரிலும், ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. வெயில் எல்லோரையும் ஒருபடித்தாகவே சுட்டது. நிழலைப் பங்கிட்டவர்களே வேறுபாடு செய்தனர். வெள்ளைக்குடி நாகனார் பாடிய நாட்டில் இது நிகழ்ந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சு நாணுகின்றது.

குடை எல்லோர் கைக்கும் வந்தமைக்குத் தொழிற்சாலையும் ஒரு காரணம். இங்கிலாந்தில் சாமுவேல் ஃபாக்ஸ் என்பார் 1852-இல் உருவாக்கிய எஃகுக் கம்பிச் சட்டம் குடையை எடை குறைந்ததாக்கிற்று. பனையோலையும் தாழை மடலும் வேய்ந்த நம் ஊர்க் குடைகளின் இடத்தை, நாளடைவில் கறுப்புத் துணிக்குடை பிடித்துக்கொண்டது.

நம் மகள் கேட்ட குடைக்கு மிக நெருங்கிய ஒன்றைக் கண்ட பெருமை இக்கல்கத்தா மாநகரையே சாரும். முன்னாளில் இந்நகரின் போக்குவரத்துக் காவலர், இடுப்புக் கச்சையோடு குடைக்காம்பைப் பிணைத்துக்கொண்டு நாற்சந்தியில் நின்றதைப் பழைய புகைப்படங்களில் இன்றும் காணலாம். இரு கைகளும் வண்டிகளுக்கு வழிகாட்ட, குடை தானே தலைக்கு மேல் நின்றது. பார்ப்போர்க்கு நகைப்பு விளைக்கும் காட்சிதான். எனினும், மன்னனுக்கு மட்டுமே உரியதாயிருந்த உடன்வரும் நிழல், ஏவலாளன் ஒருவனும் இன்றி, வெயிலில் நின்று உழைக்கும் ஒரு காவலருக்குக் கிட்டியது என்றால், அது சிறிய செய்தியாகுமா?

இவற்றையெல்லாம் மகளுக்குச் சொல்லி முடிக்குமுன் வீதியின் திருப்பம் வந்துவிட்டது. அங்கே ரிக்ஷா ஓட்டுநர் ஒருவர், பயணியின் தலைக்கு மேல் மூடியை விரித்துவிட்டு, தாம் வெறுந்தலையோடு மிதித்துச் சென்றார். மகள் சற்று நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னர், "அவருக்கு யார் குடை பிடிப்பார், அப்பா?" என்றாள்.

வெள்ளைக்குடி நாகனார் அரசனிடம் கேட்டதும் இதுவேயன்றோ!