இ.எஸ்.ஐ.: சிறு நிறுவனப் பதிவு

தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தில் (இ.எஸ்.ஐ.) ஒரு தொழிற்சாலை சேர வேண்டிய வரம்பு 10 பேர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இவ்வரம்பை 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் தொடர்கிறது. பருவகாலத் தொழிற்சாலைகளுக்கு விலக்கு உண்டு.

இராஜபாளையம் வட்டாரத்துப் பேண்டேஜ் துணித் தறிக்கூடமோ, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா தயாரிப்பகமோ, பத்தாவது ஆள் சேர்ந்ததும் இக்கடமை எழுகிறது. 1950 ஒழுங்குவிதிகள் இதற்கு 15 நாள் கெடு வைத்தன. ஒப்பந்த ஆட்களும், மாதம் ரூ.21,000க்கு மேல் ஊதியம் பெறுவோரும் தலைக்கணக்கில் சேர்வர். பின்னவருக்குக் காப்பீடு மட்டும் கிடையாது.

2019 ஜூலை முதல் முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் சந்தா செலுத்துகின்றனர். ரூ.12,000 ஊதியத்துக்கு இது முறையே ரூ.390, ரூ.90. பின்னர் ஆள் குறைந்தாலும் பதிவு நீடிக்கும்.