லினக்ஸா, பி.எஸ்.டி.யா: ஒரு தேர்வின் வரலாறு

யூனிக்ஸ் மரபில் வந்த கட்டற்ற இயங்குதளங்களில் எதை நிறுவுவது என்ற கேள்வி 1990களின் தொடக்கத்தில்தான் எழுந்தது. அதற்கு முன் யூனிக்ஸ் வேண்டுமென்றால் ஏ.டி.அண்டு டி.யிடம் உரிமம் பெற வேண்டும்; இல்லையேல் அப்படிப் பெற்ற நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். இன்றோ லினக்ஸ் வழங்கல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பி.எஸ்.டி. குடும்பத்தில் நான்கைந்து, சோலாரிஸ் வழிவந்த இலுமோஸ் தனி. வேகத்தையும் பாதுகாப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தே இவற்றில் ஒன்றைத் தேர்வதாகப் பலரும் சொல்வதுண்டு. ஆனால் வழக்கும் உரிமமும் வன்பொருளும் முடிவு செய்த தருணங்களே இந்த வரலாற்றில் அதிகம்.

1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸை, ஏ.டி.அண்டு டி.யால் உடனே சந்தைக்குக் கொண்டுவர முடியவில்லை. அந்தத் தொலைபேசி நிறுவனம் கணினி வணிகத்தில் இறங்குவதை, 1956இல் அமெரிக்க அரசுடன் செய்துகொண்ட உடன்பாடு தடுத்தது. ஆகவே பல்கலைக்கழகங்களுக்கு மூலநிரலோடு குறைந்த கட்டணத்தில் கொடுத்தது. பெர்க்லியில் இருந்த கலிபோர்னியா பல்கலைக்கழகம் அதை வாங்கித் தன் பங்குக்கு நிறையச் சேர்த்தது. அங்கு மாணவராக இருந்த பில் ஜாய் 1978இல் முதல் பி.எஸ்.டி. நாடாக்களை அனுப்பத் தொடங்கினார். 1983இல் வந்த 4.2 பதிப்பில் இணையத்தின் அடிப்படையான டி.சி.பி./ஐ.பி. இருந்தது.

பின்னர் ஏ.டி.அண்டு டி.யின் உரிமக் கட்டணம் ஏறிக்கொண்டே போக, பெர்க்லியின் கீத் பாஸ்டிக் ஒரு வேலையைக் கையில் எடுத்தார். ஏ.டி.அண்டு டி. நிரல் கலந்த கட்டளைகளை அடியிலிருந்து புதிதாக எழுதித் தரும்படி வெளியிலிருந்த நிரலர்களைக் கேட்டார். நூற்றுக்கணக்கானோர் எழுதித் தந்தார்கள். 1991இல் வந்த நெட்/2 வெளியீட்டில், இயங்குதளத்தின் மையமான கெர்னலின் ஆறு கோப்புகள் மட்டுமே இல்லாமல் இருந்தன. அந்த இடத்தை நிரப்பி, பில் ஜோலிட்ஸும் அவர் மனைவி லின்னும் 1992இல் 386பி.எஸ்.டி.யை இலவசமாக வெளியிட்டார்கள்.

அதே அடித்தளத்தை பி.எஸ்.டி.ஐ. என்ற நிறுவனம் 995 டாலருக்கு விற்றது. விளம்பரத்தில் அது கொடுத்த தொலைபேசி எண்ணின் எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ‘இது யூனிக்ஸ்’ என்று வந்தது. வம்பை விலைக்கு வாங்கியதாகத்தான் சொல்ல வேண்டும். ஏ.டி.அண்டு டி.யின் யூனிக்ஸ் பிரிவு 1992இல் வழக்குப் போட்டது. பல்கலைக்கழகத்தையும் அதில் இழுத்தது. பெர்க்லியின் நிரலை உரிய அறிவிப்பு இல்லாமல் ஏ.டி.அண்டு டி. பயன்படுத்தியதாகப் பல்கலைக்கழகம் எதிர்வழக்குத் தொடர்ந்தது. யூனிக்ஸ் பிரிவை நோவெல் விலைக்கு வாங்கிய பிறகு, 1994 தொடக்கத்தில் சமரசம் ஏற்பட்டது. ஏறத்தாழ 18,000 கோப்புகளில் நீக்கச் சொன்னவை மூன்று. சுமார் 70 கோப்புகளில் காப்புரிமை வரி சேர்க்கப்பட்டது.

மூன்று கோப்புகளுக்காக இரண்டு ஆண்டுகள்! அந்த இடைவெளியில்தான் லினக்ஸ் வளர்ந்தது. ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் தன் முயற்சியை அறிவித்து, 1992இல் அதை ஜி.பி.எல். உரிமத்தின்கீழ் கொண்டுவந்தார். 386பி.எஸ்.டி. முன்னதாகவே கிடைத்திருந்தால் லினக்ஸ் பிறந்தே இருக்காது என்ற பொருளில் பிற்பாடு அவரே சொன்னார். தொழில்நுட்ப முதிர்ச்சியில் அன்று பி.எஸ்.டி.தான் முன்னால் நின்றது. ஆனால் நீதிமன்றத்தில் தொங்கிக்கொண்டிருந்த நிரலை நம்பி யார் தொழில் தொடங்குவார்கள்?

1993இல் இரு பக்கமும் கிளை விட்டன. அங்கே நெட்பி.எஸ்.டி., ஃப்ரீபி.எஸ்.டி.; இங்கே ஸ்லாக்வேர், டெபியன். இரண்டுக்கும் அமைப்பிலேயே வேறுபாடு உண்டு. ஃப்ரீபி.எஸ்.டி.யில் கெர்னல், அடிப்படைக் கட்டளைகள், சி நூலகம் எல்லாம் ஒரே மூலநிரல் தொகுப்பில் ஒரே குழுவின் பொறுப்பில் இருக்கின்றன; பயனர் பிறகு நிறுவுபவை தனியே ‘லோக்கல்’ கோப்புறைக்குள் போகும். லினக்ஸ் என்பதோ கெர்னல் மட்டும். மற்றவற்றைப் பல இடங்களிலிருந்து திரட்டிக் கோப்பது வழங்கலின் வேலை. அதனால்தான் கணினியைத் தொடக்கி வைக்கும் சிஸ்டம்டி என்ற ஒரே பகுதிக்காக டெபியனுக்குள் பெரும் சண்டை மூண்டது. 2014இல் வாக்கெடுப்பு வரை போய், பிடிக்காதவர்கள் டெவுவான் என்று தனிக்குடித்தனம் போனார்கள்.

உரிமமும் ஆட்களைப் பிரித்தது. ஜி.பி.எல். நிரலைத் திருத்தி விற்பவர் திருத்தத்தின் மூலநிரலையும் தர வேண்டும். பி.எஸ்.டி. உரிமத்துக்குக் காப்புரிமை அறிவிப்பு இருந்தால் போதும். சோனி தன் பிளேஸ்டேஷன் 4 இயங்குதளத்தை ஃப்ரீபி.எஸ்.டி. மீது கட்டியதற்கும், ஆப்பிள் தன் டார்வினில் பி.எஸ்.டி. நிரலைச் சேர்த்ததற்கும் இந்தத் தாராளம் இடம்கொடுத்தது. படங்களை அனுப்பும் சர்வர்களில் ஃப்ரீபி.எஸ்.டி.யை ஓட்டும் நெட்ஃபிளிக்ஸ், கட்டாயம் இல்லாமலே தன் திருத்தங்களைத் திருப்பித் தருகிறது. தருமம் என்று நினைக்க வேண்டாம். தனியே வைத்துப் பராமரித்தால் ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் அவற்றை மறுபடி ஒட்டவைக்க வேண்டும்.

நெட்பி.எஸ்.டி.யிலிருந்து பிரிந்த தியோ டி ராட் 1995இல் தொடங்கிய ஓபன்பி.எஸ்.டி. கனடாவிலிருந்து இயங்கியது. மறையாக்க நிரலை ஏற்றுமதி செய்ய அன்று அமெரிக்கச் சட்டம் போட்டிருந்த கட்டுப்பாடு அங்கே இடைஞ்சலாக இல்லை. 1999இல் அங்கு பிறந்த, தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச், ஓபன்பி.எஸ்.டி.யை ஒருபோதும் தேர்ந்தெடுக்காத லினக்ஸ் நிர்வாகிகளின் கணினிகளிலும் ஓடுகிறது.

இந்தத் தேர்வு இந்தியாவிலும் நடந்தது: அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் டெபியனை எடுத்துக்கொண்டு, இந்திய மொழி வசதிகளைச் சேர்த்து ‘பாஸ்’ இயங்குதளத்தை உருவாக்கியது.

ஒரே கணினிக்குள் நிரல்களைத் தனித்தனி வேலிக்குள் ஓட்டும் ‘ஜெயில்’ வசதி ஃப்ரீபி.எஸ்.டி.யில் 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் இதே போன்ற வேலிகளைக் ‘கன்டெய்னர்’ என்ற பெயரில் தந்து, 2013இல் அறிமுகமாகிச் சந்தையைப் பிடித்த டாக்கர், லினக்ஸ் கெர்னலை நம்பி எழுதப்பட்டது. இதன் விளைவைச் சேமிப்புச் சர்வர்களுக்கான ட்ரூநாஸில் காணலாம். ஃப்ரீநாஸ் என்ற பெயரில் ஃப்ரீபி.எஸ்.டி. மீது வளர்ந்த இந்த மென்பொருளைப் பராமரிக்கும் ஐஎக்ஸ்சிஸ்டம்ஸ், 2022இல் டெபியன் மீது அமைந்த ‘ஸ்கேல்’ பதிப்பை வெளியிட்டது. கன்டெய்னர்களும் கூடுதல் வன்பொருள் ஆதரவும் அதில் கிடைத்தன. புது வசதிகள் இப்போது லினக்ஸ் பக்கம்தான் வருகின்றன, பழைய ஃப்ரீபி.எஸ்.டி. பதிப்பு பராமரிப்பு நிலைக்குப் போய்விட்டது.