சந்தாப் பணமும் வசூல் பணமும்

முப்பது பேர் கொண்ட ஓர் அரிமா சங்கத்தின் பொருளாளரிடம் இரண்டு பாஸ்புக் இருக்க வேண்டும். ஒன்று நிர்வாகக் கணக்கு, மற்றது சேவைக் கணக்கு. ஒரே வங்கி, ஒரே கையெழுத்துகள். குணம் மட்டும் வேறு.

நிர்வாகக் கணக்கில் சேர்வது உறுப்பினர் சந்தாவும் நுழைவுக் கட்டணமும். பேட்ஜ் குத்தாமல் வந்தவரிடம் ‘டெயில் ட்விஸ்டர்’ என்ற பதவிக்காரர் சிரிக்கச் சிரிக்க வாங்கும் அபராதமும் இதில்தான். (அவருக்கே அபராதம் போட வேண்டுமென்றால், வந்திருக்கும் அத்தனை பேரும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும்!) சேவைக் கணக்கில் சேர்வதோ ஊரார் பணம்: கண் முகாமுக்கென்று ஜவுளிக்கடைக்காரர் தந்தது, கச்சேரி டிக்கெட்டில் வந்தது.

முதல் கணக்கிலிருந்து இரண்டாவதற்குத் தாராளமாகக் கொடுக்கலாம். மறுபக்கம் திரும்பக் கூடாது. கச்சேரிக்குப் பந்தல், ஒலிபெருக்கி என்று ஆன நேரடிச் செலவை மட்டும் வசூலில் கழித்துக்கொள்ளலாம். ஊரார் பணத்துக்கு வந்த வட்டியும் ஊராருக்கே. ரோட்டரி தன் சங்கங்களுக்குத் தரும் மாதிரித் துணைவிதிகளும் நிதியை இப்படி இரண்டாகத்தான் பிரிக்கின்றன.

கையிருப்பு என்று வரும்போதுதான் வேறுபாடு கூர்மையாகிறது. பன்னாட்டுத் தலைமைக்கான சந்தா டாலரில் கணக்கிடப்பட்டு, ஜூலையிலும் ஜனவரியிலும் கட்டவேண்டி வரும். உறுப்பினர்கள் இழுத்தடிப்பார்கள், ரூபாயும் இறங்கும். ஆகவே நிர்வாகக் கணக்கில் அரையாண்டுச் சந்தா அளவுக்கு இருப்பு இருப்பது விவேகம். அதே இருப்பு சேவைக் கணக்கில் வைப்புத்தொகையாகத் தூங்கினால், என் பார்வையில் அது கொடுத்தவருக்குச் செய்யும் துரோகம். ஆம்புலன்ஸ் வாங்கச் சேர்க்கிறோம் என்று தீர்மானம் போட்டிருந்தால் கதை வேறு. சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் நினைக்கிறது. வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை, ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட வேண்டும்; அதில் குறைத்துச் சேமிக்க விரும்பினால், நோக்கத்தை எழுதிக் கொடுத்து 5 ஆண்டுக்குள் செலவழிக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். சங்கத்து ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது, வரிக் கணக்கோ மார்ச் 31-இல் முடிகிறது. ஒரு பொருளாளரின் பதவிக்காலம் இரண்டு நிதியாண்டில் கால் வைக்கிறது. பழையவர் சொல்லாமல் போனால், எந்த ரூபாய் எதற்கு வந்தது என்று புதியவருக்குத் தெரியாது.

ரசீதுப் புத்தகத்தோடு யாராவது உங்கள் கடைக்கு வந்தால், எந்தக் கணக்கில் போடுவீர்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.