செம்முகக் குரங்கும் சீதையின் அணிகலனும்

புறநானூற்றின் 378ஆம் பாடலை நடத்தும்போதெல்லாம் வகுப்பு சிரிக்கும். சோழன் இளஞ்சேட்சென்னி அளித்த அணிகலன்களை எங்கே பூணுவதென அறியாத இரவலர் சுற்றம், விரலுக்குரியதைச் செவியிலும் இடைக்குரியதைக் கழுத்திலும் மாட்டிக்கொள்கிறது. நிலத்தில் கிடந்த சீதையின் நகைகளைக் கண்டெடுத்த செம்முகக் குரங்குக் கூட்டம் போல என்கிறார் ஊன்பொதி பசுங்குடையார். ஒருமுறை, கோலியனூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "பூணத் தெரியாது, சரி ஐயா. பூணவேண்டும் என்று அவற்றுக்கு ஏன் தோன்றியது?" என்றாள்.

அன்று என்னிடம் விடையில்லை. பின்னர்த் தேடிப் படித்தேன்.

மாஸ்கோவில் நதேழ்தா லேடிகினா கோட்ஸ் 1913 முதல் 1916 வரை ஜோனி என்னும் சிம்பன்சியை வளர்த்தார். அதன் கிறுக்கல்களைப் பிற்காலத்தில் தம் மகனின் கிறுக்கல்களோடு ஒப்பிட்டு 1935இல் நூலாக்கினார். 1950களில் லண்டன் விலங்குக் காட்சிசாலையின் காங்கோ என்னும் சிம்பன்சி, டெஸ்மண்ட் மோரிஸின் பார்வையில் ஏறத்தாழ 400 ஓவியங்களைத் தீட்டியது. விசிறிபோல் விரியும் கோடுகள் அதற்கு விருப்பமானவை. பாதியில் தாளைப் பறித்தால் கத்தும். முடிந்ததெனத் தோன்றிவிட்டால், வற்புறுத்தினாலும் தூரிகையைத் தொடாது. 1957இல் லண்டனில் அவ்வோவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. பிக்காசோவும் ஒன்றை வைத்திருந்தார்.

தீட்டுவது இருக்கட்டும், பார்ப்பதில் விருப்பம் உண்டா? 1970களின் தொடக்கத்தில் நிக்கோலஸ் ஹம்ஃப்ரி, நம் வடநாட்டுக் காடுகளிலும் வாழும் செம்முக ரீசஸ் குரங்குகளிடம் பொத்தானைக் கொடுத்து, ஒளியைத் தேர்ந்துகொள்ளவிட்டார். அவை சிவப்பை ஒதுக்கி நீலத்தை நாடின.

என்னை உறுத்தியது மோரிஸ் சொல்லும் வேறொரு செய்தி. வரைந்தால் தின்பண்டம் என்று பழக்கப்பட்ட ஒரு சிம்பன்சி, விரைவிலேயே கோடுகளில் கவனமிழந்தது. ஏதோ கிறுக்கிவிட்டு உடனே கையை நீட்டியது. மதிப்பெண்ணுக்காக உவமைகளை மனப்பாடம் செய்யவைத்த என் இருபதாண்டு வகுப்பறை நினைவுக்கு வந்தது.

காட்டில் வாழும் சிம்பன்சி ஓவியம் தீட்டியதாகப் பதிவில்லை. காங்கோவிடம் தூரிகையைத் தந்தவன் மனிதன்தான். ஆகவே குரங்கைக் கலைஞன் என்று சொல்லத் துணியமாட்டேன். ஆனால் பொருள் விளங்குமுன்பே கண்ணுக்கு ஒரு நாட்டமும் கைக்கு ஒரு மகிழ்வும் உண்டு என்பதை இனி மறுக்கவும் இயலாது. அம்மாணவிக்கு நான் தரவேண்டிய விடை இதுவே. இப்போது அப்பாடலை நடத்தும்போது, வகுப்பு சிரித்து முடித்தபின் அவள் கேட்ட கேள்வியை நான் கேட்கிறேன். அதற்கு மதிப்பெண் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.