முனகலும் ரப்பர் பெல்ட்டும்

வால்வு செட் கெட்டால் பெரும்பாலும் கண்ணுக்கே தெரிந்துவிடும். பின்பக்க அட்டையைக் கழற்றினால், எந்த வால்வு சிவக்காமல் இருக்கிறதோ அதுதான் குற்றவாளி. 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்த டிரான்சிஸ்டர் நம் வீட்டு ஆம்ப்ளிஃபயருக்குள் வந்ததும் அந்தச் சௌகரியம் போயிற்று. செத்தாலும் உயிரோடு இருந்தாலும் அதற்கு ஒரே முகம்! மல்டிமீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

என்னை அதிகம் படுத்தியது கெப்பாசிட்டர்தான். உள்ளே காய்ந்துவிட்டால் ஸ்பீக்கர் ‘ம்ம்ம்’ என்று முனகும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; ரெக்டிஃபயரைத் தாண்டி வரும்போது 100 ஆகிவிடும். அந்த முனகலைத் தம்புரா சுருதி என்று விருந்தினரிடம் சொல்லிச் சமாளித்திருக்கிறேன். ரிச்சி தெருவில் ஒன்று வாங்கிச் சால்டர் வைத்தால் அடங்கும்.

1963-இல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய கேசட், ரப்பர் பெல்ட் தொல்லையையும் வீட்டுக்குள் கொண்டுவந்தது. நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பெல்ட் தளர்ந்தால் சுசீலா குரலும் ஆண்குரலாகத் தடித்துவிடும். சைக்கிள் டியூபை வளையமாக நறுக்கி மாட்டிப் பார்த்தவர்கள் உண்டு. கனம் சீராக இராததால் பாட்டு ஊஞ்சலாடும்.

அம்மா பாடிய ஒரே கேசட் என்னிடம் இருக்கிறது. அதற்காகவே பழைய டெக்கை விடாமல் வைத்திருக்கிறேன். போன மாதம் திறந்தபோது பெல்ட் தார்போல் உருகிச் சக்கரத்தில் ஒட்டியிருந்தது. ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவே ஒரு மாலை ஆயிற்று. புது பெல்ட்டுக்கு அளவு எடுத்து வைத்திருக்கிறேன்.